மருத்துவருக்கு எது தகுதி?

2023 செப்டம்பரில் ஒன்றிய சுகாதார அமைச்சகம் ஓர் அறிவிப்பை வெளியிட்டது. முதுநிலை மருத்துவப் படிப்புக்கான நீட் தேர்வில், கலந்தாய்வில் பங்கேற்கத் தேவையான பர்சென்டைல் எல்லாப் பிரிவினருக்கும் பூஜ்ஜியமாகக் குறைக்கப்பட்டது. தேர்வு எழுதியவர்களில் கடைசி இடத்தில் நின்றவரும், தவறான விடைகளுக்காக மதிப்பெண் கழிக்கப்பட்டுச் சுழியத்துக்குக் கீழே போனவரும் எம்.டி., எம்.எஸ். இடம் கேட்கலாம் என்றானது. உடற்கூறியல், உயிர்வேதியியல் போன்ற துறைகளிலும், கட்டணம் மிகுந்த தனியார் கல்லூரிகளிலும் இடங்கள் நிரம்பாமல் கிடந்ததுதான் காரணம். இடம் வீணாகக் கூடாது என்பதற்காகத் தகுதியின் எல்லைக்கோடு தரையோடு தரையாக இறக்கப்பட்டது.

நாடு இதற்காகக் கொந்தளிக்கவில்லை. மருத்துவர்களில் சிலர் கண்டித்தார்கள், அதோடு அடங்கிவிட்டது. 2006-ஐ நினைவில் வைத்திருப்பவர்களுக்கு இந்த அமைதி உறுத்தும். ஒன்றிய அரசின் உயர்கல்வி நிறுவனங்களில் இதர பிற்படுத்தப்பட்டோருக்கு 27 விழுக்காடு இடம் என்று அறிவிக்கப்பட்ட அந்த ஆண்டில், டெல்லி எய்ம்ஸ் வளாகத்தில் மருத்துவர்கள் வேலைநிறுத்தம் செய்தார்கள். நாளேடுகளும் தொலைக்காட்சிகளும் பல வாரங்கள் அதையே பேசின. தகுதி அழிந்துவிடும், நோயாளிகளின் உயிருக்கு ஆபத்து என்பதே அன்றைய முழக்கங்களின் சாரம்.

இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தால் ஒன்று விளங்கும். இடம் காலியானால் தகுதி வளைகிறது. பணம் கட்டுபவர் வந்தாலும் வளைகிறது. இதுவரை உள்ளே வராதவர் வாசலில் வந்து நின்றால் மட்டும் அது இரும்பாகிவிடுகிறது. நம் சமூகம் தகுதியைப் பற்றிப் பேசும்போது உண்மையில் எதைக் காப்பாற்றுகிறது என்று கேட்டாக வேண்டும். மருத்துவக் கல்வியை வைத்தே கேட்கலாம். தமிழ்நாட்டில் நூறாண்டுக்கும் மேலாக இந்த வழக்கு அந்த வாசலில்தான் நடந்துகொண்டிருக்கிறது.

முதலில் கணக்கைப் பார்ப்போம். இளநிலைக்கான நீட் தேர்வு 720 மதிப்பெண்ணுக்கு நடக்கிறது. பொதுப் பிரிவினருக்கு 50 பர்சென்டைல், இட ஒதுக்கீட்டுப் பிரிவினருக்கு 40 பர்சென்டைல் என்பது தகுதி வரம்பு. எழுதியவர்களில் பாதிப் பேரை முந்தினால் போதும், பாதி மதிப்பெண் எடுக்க வேண்டியதில்லை. 2022-இல் பொதுப் பிரிவுக்கான வரம்பு 117 மதிப்பெண், 2023-இல் 137. ஐந்தில் ஒரு பங்குகூட இல்லை. 2024-இல் 23 லட்சத்துக்கும் அதிகமானோர் தேர்வெழுதி, 13 லட்சத்துக்கும் அதிகமானோர் தகுதி பெற்றார்கள். நாட்டில் அப்போது இருந்த எம்.பி.பி.எஸ். இடங்களோ ஏறத்தாழ ஒரு லட்சத்துப் பத்தாயிரம். தகுதி பெற்ற பன்னிரண்டு பேரில் ஒருவருக்குத்தான் இடம்.

அந்த ஒருவர் யார் என்பதைத் தேர்வு மட்டும் முடிவு செய்வதில்லை. தமிழ்நாட்டு அரசுக் கல்லூரியில் ஆண்டுக் கல்விக் கட்டணம் இருபதாயிரம் ரூபாய்க்குள் அடங்கும். நிகர்நிலைப் பல்கலைக்கழகம் ஒன்றில் அதே படிப்புக்கு ஆண்டுக்கு இருபது லட்சத்தைத் தாண்டும். ஐநூறு மதிப்பெண்ணைக் கடந்தும் அரசு இடம் கிடைக்காத பிற்படுத்தப்பட்ட வகுப்பு மாணவி, வீட்டில் வசதி இல்லையென்றால் வேறு படிப்புக்குப் போகிறார், அல்லது அடுத்த ஆண்டு மறுபடி எழுதுகிறார். இருநூறுகூட எடுக்காத ஒருவர், குடும்பத்தால் கோடிக் கணக்கில் செலவிட முடியுமென்றால் அதே ஆண்டு வெள்ளைக் கோட்டு மாட்டிக்கொள்கிறார். இருவரும் எழுதியது ஒரே வினாத்தாள்தான். இந்தத் தேர்வைக் கொண்டுவந்தபோது கல்லூரிகளின் நன்கொடைக் கொள்ளைக்கு இதுவே முடிவு என்றார்கள். திரைமறைவுப் பணம் எவ்வளவு குறைந்ததோ, வெளிப்படையான கட்டணம் எட்டாத உயரத்துக்குப் போய்விட்டது. குறைந்தபட்ச வரம்பை இவ்வளவு தாழ்வாக வைத்தால்தான் அந்தக் கட்டணத்தைக் கட்டக்கூடியவர்கள் போதுமான எண்ணிக்கையில் கிடைப்பார்கள் என்பதே இந்த ஏற்பாட்டின் உள்கணக்கு. மதிப்பெண் குறைந்த பட்டியல் சாதி மாணவரைப் பார்த்து முகம் சுளிப்பவர்கள், மதிப்பெண் குறைந்த பணக்கார மாணவரின் மருத்துவமனைத் திறப்பு விழாவுக்குப் பூங்கொத்தோடு போகிறார்கள். இந்த இரட்டை அளவை நான் வன்மையாக எதிர்க்கிறேன்.

இந்த வாசலின் வரலாற்றுக்கு வருவோம். சென்னை மருத்துவக் கல்லூரி 1835-இல் மருத்துவப் பள்ளியாகத் தொடங்கியது. 1875-இல் அதில் முதன்முதலாக நான்கு பெண்கள் சேர்க்கப்பட்டார்கள். மேரி ஷார்லீப் அவர்களில் ஒருவர். இங்கே படித்துவிட்டு லண்டன் சென்று உயர்பட்டம் பெற்றுத் திரும்பி வந்து சென்னையில் பெண்களுக்கான மருத்துவமனை ஒன்றைத் தொடங்கக் காரணமாக இருந்தார். 1874 வரை பெண்களுக்கு மருத்துவம் படிக்கும் தகுதி இல்லாமல் இருந்து 1875-இல் திடீரென்று வந்துவிட்டதா? கதவு திறந்தது, அவ்வளவுதான்.

முத்துலட்சுமி ரெட்டியின் வாழ்க்கை இதை இன்னும் தெளிவாகச் சொல்லும். 1886-இல் புதுக்கோட்டையில் பிறந்தவர். தாய் சந்திரம்மாள் தேவதாசி மரபைச் சேர்ந்தவர். ஆண்கள் மட்டும் படித்த புதுக்கோட்டை மகாராஜா கல்லூரியில் இந்தப் பெண்ணைச் சேர்க்க எதிர்ப்பு எழுந்தது. பெண் வந்தால் பையன்கள் கெட்டுப்போவார்கள் என்றும், அதிலும் இந்தக் குலத்துப் பெண்ணா என்றும் ஊரில் பேச்சு. மன்னர் மார்த்தாண்ட பைரவத் தொண்டைமான் அனுமதி கொடுத்தார். அங்கிருந்து 1907-இல் சென்னை மருத்துவக் கல்லூரிக்குப் போனவர், 1912-இல் பரிசுகளோடு பட்டம் பெற்று வெளியே வந்தார். பின்னாளில் சட்டமன்ற மேலவையின் துணைத் தலைவர், தேவதாசி முறை ஒழிப்புக்குப் போராடியவர், 1954-இல் செயல்படத் தொடங்கிய அடையாறு புற்றுநோய் மருத்துவமனையை உருவாக்கியவர். மன்னர் மறுத்திருந்தால் தமிழகம் எதை இழந்திருக்கும் என்பதை அடையாறில் சிகிச்சை பெற்ற குடும்பங்கள் அறியும். ஆனால் அன்று அவருக்குக் கிடைத்தது தனிப்பட்ட ஒரு மன்னரின் நல்ல மனம். அதே திறமையோடு பிறந்து, நல்ல மனம் படைத்த மன்னர் வாய்க்காமல் அடுப்படியிலும் வயலிலும் முடிந்துபோனவர்களின் பட்டியல் எந்த ஆவணத்திலும் இல்லை. தகுதியைப் பற்றிய எந்தப் பேச்சும் அந்த எழுதப்படாத பட்டியலில் இருந்துதான் தொடங்க வேண்டும்.

மன்னரின் தயவை அரசாணையின் உரிமையாக மாற்றியதுதான் நீதிக்கட்சிக் காலத்தில் தொடங்கிய வகுப்புவாரி உரிமை. 1921-இல் அரசாணை வந்தது. 1928-இல் எஸ்.முத்தையா முதலியார் அமைச்சராக இருந்தபோது அது நடைமுறைக்கு வந்தது. அரசுப் பணியில் தொடங்கிய அந்த முறை பிறகு கல்லூரிச் சேர்க்கைக்கும் விரிந்தது. விடுதலைக்குப் பின், ஒவ்வொரு 14 இடத்திலும் பிராமணர் அல்லாத இந்துக்களுக்கு 6, பிற்படுத்தப்பட்ட இந்துக்களுக்கு 2, பிராமணர்களுக்கு 2, அரிசனங்களுக்கு 2, ஆங்கிலோ இந்தியருக்கும் இந்தியக் கிறித்தவருக்கும் சேர்த்து 1, முஸ்லிம்களுக்கு 1 என்று பங்கீடு இருந்தது. அன்றைய சென்னை மாகாணம் முழுவதற்கும் நான்கு அரசு மருத்துவக் கல்லூரிகள், 330 இடங்கள். இன்றைய ஆந்திரத்தின் பகுதிகளும் மலபாரும் அந்த மாகாணத்தில் அடக்கம்.

அந்தப் பங்கீட்டை எதிர்த்துத்தான் செண்பகம் துரைராஜன் வழக்குத் தொடுத்தார். தகுதி இருந்தும் சாதியால் தனக்கு மருத்துவ இடம் மறுக்கப்படும் என்பது வழக்கு. அவர் உண்மையில் விண்ணப்பமே போடவில்லை என்பது பிறகு வெளிவந்தது. ஆனாலும் வழக்கு நின்றது. 1951 ஏப்ரல் 9 அன்று உச்ச நீதிமன்றம் வகுப்புவாரி ஆணை செல்லாது என்றது. தமிழ்நாடு கொதித்தது, பெரியாரும் அவரது இயக்கத்தாரும் தெருவுக்கு வந்தார்கள், காங்கிரசுக்குள்ளும் காமராசர் போன்றவர்கள் டெல்லிக்கு நிலைமையை எடுத்துச் சொன்னார்கள். அதே ஆண்டு ஜூனில் அரசமைப்புச் சட்டத்துக்கு முதல் திருத்தம் வந்து 15(4) பிரிவு சேர்ந்தது. குடியரசு பிறந்து பதினெட்டு மாதம் ஆவதற்குள், சென்னை மருத்துவக் கல்லூரியின் வாசலில் நடந்த சண்டை நாட்டின் அடிப்படைச் சட்டத்தையே மாற்ற வைத்தது. பின்னர் நடந்தவை பலருக்கும் தெரியும்: 1979-இல் எம்.ஜி.ஆர். அரசு கொண்டுவந்த ஒன்பதாயிரம் ரூபாய் வருமான வரம்பு, 1980 மக்களவைத் தேர்தல் தோல்விக்குப் பின் அதைக் கைவிட்டு ஒதுக்கீட்டை உயர்த்தியது, 1994-இல் 69 விழுக்காட்டுக்கு ஒன்பதாவது அட்டவணையில் கிடைத்த பாதுகாப்பு.

இப்போது எதிர்த்தரப்பின் வாதத்தை நேராக எதிர்கொள்வோம். தகுதி கெட்டால் மருத்துவம் கெடும் என்றால், நாட்டில் வேறு எந்தப் பெரிய மாநிலத்தைவிடவும் நீண்ட காலமாக, அதிக விழுக்காட்டில் இட ஒதுக்கீடு நடந்த தமிழ்நாட்டில் மருத்துவம் சீரழிந்திருக்க வேண்டும். மாதிரிப் பதிவு முறையின் 2020-ஆம் ஆண்டுக் கணக்கின்படி ஆயிரம் குழந்தைகள் பிறந்தால் ஒரு வயதுக்குள் இறப்பவை நாட்டின் சராசரியில் 28, தமிழ்நாட்டில் 13. 2018-20 காலத்தில் ஒரு லட்சம் பிரசவங்களில் தாய் இறப்பு நாட்டில் 97, தமிழ்நாட்டில் 54. இதற்கு இட ஒதுக்கீடு ஒன்றே காரணம் என்று சொல்ல மாட்டேன். 1939-ஆம் ஆண்டின் பொதுச் சுகாதாரச் சட்டம், தனியான பொதுச் சுகாதாரப் பணிப்பிரிவு, மருந்துக் கொள்முதலுக்கென்று 1990-களில் அமைந்த தமிழ்நாடு மருத்துவப் பணிகள் கழகம், இருபத்து நான்கு மணிநேரமும் பிரசவம் பார்க்கும் ஆரம்ப சுகாதார நிலையங்கள் என்று பலவும் சேர்ந்த பயன் அது. ஆனால் அந்த நிலையங்களில் உட்கார்ந்து வேலை செய்தவர்கள் யார்? அதே மாவட்டத்தில், அதே மாதிரியான வீடுகளில் இருந்து, இட ஒதுக்கீட்டின் வழியாகப் படித்துவந்த பிள்ளைகள். எச்சரித்தவர்கள் சொன்ன பேரழிவு எழுபது ஆண்டுகளாக வரவே இல்லை.

மருத்துவத்துக்கு வெளியேயும் இதைச் சோதித்துப் பார்த்திருக்கிறார்கள். அஷ்வினி தேஷ்பாண்டே, தாமஸ் வைஸ்காஃப் என்ற இரு பொருளியல் அறிஞர்கள் 1980 முதல் 2002 வரையிலான இந்திய ரயில்வேயின் தரவுகளை ஆராய்ந்தார்கள். பட்டியல் சாதி, பழங்குடிப் பணியாளர்களின் பங்கு கூடியதால் ரயில்வேயின் உற்பத்தித்திறன் குறைந்ததற்கு எந்தச் சான்றும் கிடைக்கவில்லை. உயர்பதவிகளில் அவர்கள் பங்கு கூடிய இடங்களில் திறன் சற்றுக் கூடியதற்கான அறிகுறிகளே தென்பட்டன. மறுபுறம், சுக்தேவ் தோரட், பால் அட்டிவெல் இருவரும் 2007-இல் வெளியிட்ட ஆய்வில், ஒரே கல்வித் தகுதியுள்ள விண்ணப்பங்களைப் பெயரை மட்டும் மாற்றித் தனியார் நிறுவனங்களுக்கு அனுப்பினார்கள். மேல்சாதிப் பெயரோடு ஒப்பிட்டால், தலித் பெயருக்கு அழைப்பு வரும் வாய்ப்பு ஏறத்தாழ மூன்றில் இரண்டு பங்கு, முஸ்லிம் பெயருக்கு மூன்றில் ஒரு பங்கு. படிப்பும் மதிப்பெண்ணும் எழுத்துக்கு எழுத்து ஒன்றாக இருந்தபோதே இந்த நிலை. தகுதியை மட்டுமே பார்க்கிறோம் என்று சொல்லும் நிறுவனங்கள் முதலில் எதைப் பார்க்கின்றன என்பதற்கு இதைவிடச் சான்று வேண்டுமா?

இத்தனையும் சொன்னபின், நம் பக்கத்துக் குறையையும் சொல்லாமல் விட்டால் அது நேர்மையாகாது. நீட்டுக்கு முந்தைய பிளஸ் டூ காலத்தைப் பொற்காலம் போலப் பேசும் வழக்கம் இங்கே இருக்கிறது. 1984 முதல் மாநில நுழைவுத்தேர்வு இருந்தது. பிளஸ் டூவுக்கு 200, நுழைவுத்தேர்வுக்கு 100 என்று 300-க்குக் கட் ஆஃப் கணக்கிட்டார்கள். சென்னை, கோவை போன்ற நகரங்களின் பயிற்சி மையங்களுக்கு அது வாழ்வளித்தது. கலைஞர் ஆட்சியில் 2006-இல் சட்டம் இயற்றப்பட்டு, மறு ஆண்டு குடியரசுத் தலைவரின் ஒப்புதலோடு நுழைவுத்தேர்வு ஒழிந்தது. சரியான முடிவு. அதன்பிறகு நடந்தது என்ன? நாமக்கல், ராசிபுரம் வட்டாரத்து உறைவிடப் பள்ளிகள் அந்த இடத்தைப் பிடித்துக்கொண்டன. பதினோராம் வகுப்புப் பாடத்தை ஓரமாக வைத்துவிட்டு, பன்னிரண்டாம் வகுப்புப் பாடத்தையே இரண்டு ஆண்டுகள் உருப்போட வைத்தார்கள். விடியற்காலை முதல் நள்ளிரவு வரை பிள்ளைகளை அடைத்துவைத்துப் படிக்கவைத்த அந்தப் பள்ளிகளுக்கு மக்களே 'பிராய்லர் பள்ளி' என்று பெயர் வைத்தார்கள். அரசுப் பள்ளியில் படித்து அந்த ஆண்டுகளில் மருத்துவ இடம் பெற்றவர்கள் ஆண்டுக்குச் சில பத்துப் பேர் மட்டுமே. லட்சக்கணக்கான பிள்ளைகள் படிக்கும் பள்ளிகளில் இருந்து சில பத்துப் பேர்! அன்று நாம் ஏன் இவ்வளவு உரக்கப் பேசவில்லை? பதினோராம் வகுப்புக்கும் பொதுத்தேர்வு என்று அரசு அறிவிக்க 2017 வரை காத்திருந்தோம்.

ஆனால் குறை இருந்த முறையை எடுத்துவிட்டு அதைவிடக் குறையுள்ள ஒன்றைத் தலையில் கட்டியதை நியாயப்படுத்த முடியாது. நீதிபதி ஏ.கே.ராஜன் குழு 2021-இல் அளித்த அறிக்கையின் எண்கள் இன்றும் நெஞ்சை அழுத்துகின்றன. நீட்டுக்கு முந்தைய 2016-17-இல் மருத்துவம் சேர்ந்தவர்களில் மறுமுறை எழுதி வந்தவர்கள் ஏறத்தாழ 12 விழுக்காடு. 2020-21-இல் 71 விழுக்காடு. தமிழ்வழியில் படித்துச் சேர்ந்தவர்களின் பங்கு 15 விழுக்காட்டை ஒட்டி இருந்தது, 2 விழுக்காட்டுக்கும் கீழே போனது. ஓராண்டோ ஈராண்டோ வருமானமின்றி வீட்டில் உட்கார்ந்து கோச்சிங் சென்டருக்குப் பணம் கட்டிப் படிக்க முடிந்தவர்தான் இப்போது தகுதியுள்ளவர். இப்படிச் சேர்ந்தவரின் உழைப்பை நான் குறைத்துச் சொல்லவில்லை. அவரும் தூக்கமின்றிப் படித்தவர்தான். ஆனால் அந்த உழைப்புக்கு அவகாசம் வாங்கித் தந்தது பெற்றோரின் சேமிப்பு. 2018-இல் தமிழ் வினாத்தாளில் 49 கேள்விகளில் மொழிபெயர்ப்புப் பிழைகள் இருந்தன. தமிழில் எழுதியவர்களுக்கு 196 கருணை மதிப்பெண் வழங்குமாறு மதுரை உயர் நீதிமன்றக் கிளை ஆணையிட்டது. உச்ச நீதிமன்றம் முதலில் தடை விதித்து, பிறகு அந்த ஆணையை நீக்கிவிட்டது. கேள்வியே தவறு, ஆனால் தவறான கேள்வியின் விளைவு மட்டும் மாணவர் தலையில்.

அரியலூர் மாவட்டம் குழுமூர் அனிதா பிளஸ் டூவில் 1200-க்கு 1176 எடுத்தார். நீட்டில் 720-க்கு 86. அவரது தந்தை மூட்டை தூக்கும் தொழிலாளி. தமிழ்நாட்டுக்கு நீட் விலக்கு கேட்டு நடந்த வழக்கில் உச்ச நீதிமன்றம் வரை போய் நின்ற அந்தப் பெண்ணை 2017 செப்டம்பர் 1 அன்று இழந்தோம். அவருடைய அந்த இரண்டு எண்களில் ஒன்றை மட்டுமே இந்த நாடு அவரது தகுதி என்று ஏற்றது.

அதன்பிறகு தமிழ்நாடு செய்த ஒரு காரியம் நிமிர்ந்து சொல்லத்தக்கது. நீதிபதி கலையரசன் குழுவின் பரிந்துரையைத் தொடர்ந்து, ஆறாம் வகுப்பு முதல் அரசுப் பள்ளியில் படித்தவர்களுக்கு 7.5 விழுக்காடு உள்ஒதுக்கீடு 2020-இல் வந்தது. அதற்கு முந்தைய ஆண்டுகளில் ஒற்றை இலக்கத்தில் இருந்த எண்ணிக்கை, அந்த ஓராண்டிலேயே முந்நூறு எம்.பி.பி.எஸ். இடங்களைத் தாண்டியது. அதே தேர்வு, அதே வினாத்தாள், அதே ஆண்டில் அதே ஆசிரியர்களிடம் படித்த பிள்ளைகள். மாறியது விதி மட்டும். தகுதி என்பது பிள்ளையின் தலைக்குள் மட்டும் இருப்பதாக நம்புபவர்கள் இந்த ஒற்றை உண்மைக்குப் பதில் சொல்ல வேண்டும்.

இனி நான் முக்கியமாகக் கருதும் விஷயத்துக்கு வருகிறேன். கல்லூரிக்குள் நுழையும் நாளில் ஒருவரின் தகுதியை எப்படி அளப்பது என்பதிலேயே நம் சண்டை முழுவதும் தேங்கிவிட்டது. மருத்துவரின் தகுதி அவர் பார்க்கும் வேலையில் தெரிய வேண்டியது. இதைத் தமிழ்நாடு வெகுகாலம் முன்பே கண்டுகொண்டு ஒரு முறையை வைத்திருந்தது. அரசு மருத்துவக் கல்லூரிகளின் முதுநிலை இடங்களில் மாநிலத்தின் பங்கில் பாதி, அரசுப் பணியில் இருக்கும் மருத்துவர்களுக்கு. ஆரம்ப சுகாதார நிலையத்திலும் மலைப்பகுதியிலும் வேலை பார்த்தவர்களுக்குக் கூடுதல் மதிப்பெண். கொல்லிமலையிலோ கல்வராயன் மலையிலோ ஓர் இளம் மருத்துவர் பாம்புக்கடிக்கும் பிரசவத்துக்கும் வயிற்றுப்போக்குக்கும் மருத்துவம் பார்த்துக் கழித்த ஆண்டுகள் அவருடைய தகுதியாகக் கணக்கில் ஏறின. அவர் படித்து முடித்ததும் அரசு மருத்துவமனைக்கே திரும்பி வருவார் என்பது ஒப்பந்தம். வட்டாரத் தலைநகர் மருத்துவமனைகளில் மயக்க மருந்து நிபுணரும் மகப்பேறு நிபுணரும் குழந்தை நல நிபுணரும் கிடைத்தது இதனால்தான். இரவு இரண்டு மணிக்கு அறுவைசிகிச்சை செய்து தாயையும் சேயையும் காப்பாற்றும் 'சீமாங்' மையங்களை நடத்த முடிந்ததும் இதனால்தான். மேலே சொன்ன 54 என்ற எண்ணுக்குப் பின்னால் இந்த ஏற்பாட்டின் கை இருக்கிறது.

நீட் வந்ததும் இதற்குத்தான் பெரிய அடி விழுந்தது. மருத்துவக் கவுன்சிலின் விதிகளில் ஒதுக்கீட்டுக்கு இடமில்லை, கடினமான பகுதியில் வேலை பார்த்த ஒவ்வோர் ஆண்டுக்கும் 10 விழுக்காடு வீதம் அதிகபட்சம் 30 விழுக்காடு ஊக்க மதிப்பெண் மட்டும் தரலாம் என்று நீதிமன்றங்கள் சொல்ல, 2017-இல் முதுநிலைப் பட்டப் படிப்பில் அந்த ஐம்பது விழுக்காடு பறிபோனது. அரசு மருத்துவர்கள் வேலைநிறுத்தம் செய்தார்கள், சங்கம் வழக்காடியது. 2020 ஆகஸ்ட் 31 அன்று ஐந்து நீதிபதிகள் கொண்ட அரசமைப்பு அமர்வு, பணியில் உள்ள மருத்துவர்களுக்கு இடம் ஒதுக்க மாநிலங்களுக்கு அதிகாரம் உண்டு என்று தீர்ப்பளித்தது. இந்தத் தீர்ப்பைப் பற்றி நம் பொதுவெளியில் எவ்வளவு பேசினோம்? மிகக் குறைவு. நுழைவுத் தேர்வுச் செய்திக்குக் கிடைக்கும் தலைப்பில் பத்தில் ஒரு பங்குகூட இதற்குக் கிடைக்கவில்லை.

உச்ச நீதிமன்றத்திலும் பார்வை மாறி வருகிறது. 2022 ஜனவரியில் நீதிபதிகள் சந்திரசூட், போபண்ணா அமர்வு, அகில இந்தியத் தொகுப்பு மருத்துவ இடங்களில் இதர பிற்படுத்தப்பட்டோர் ஒதுக்கீட்டை உறுதி செய்தபோது, திறந்த போட்டித் தேர்வின் மதிப்பெண்ணுக்குள் தகுதியைச் சுருக்கிவிட முடியாது என்று விளக்கமாக எழுதியது. அந்த ஒதுக்கீட்டுக்காகச் சென்னை உயர் நீதிமன்றத்தில் வழக்காடி 2020-இல் வழி திறந்தவை தமிழ்நாட்டுக் கட்சிகள் என்பது பெருமைப்படத்தக்க உண்மை.

தேர்ந்தெடுப்பதில் இப்படி என்றால், பரிசளிப்பதில் நம் சமூகம் எப்படி? அதே அரசு மருத்துவமனையின் வார்டுக்குள் போய்ப் பார்க்கலாம். 2015-இல் மருத்துவப் பணியாளர் தேர்வு வாரியம் செவிலியர்களுக்குப் போட்டித் தேர்வு நடத்தியது. ஆயிரக்கணக்கானோர் தேர்ச்சி பெற்றுப் பணியில் சேர்ந்தார்கள். தேர்வு உண்டு, தரவரிசை உண்டு, இட ஒதுக்கீட்டு விதிகள் உண்டு. தகுதி என்று எதைச் சொல்கிறார்களோ அதெல்லாம் உண்டு. கொடுத்த சம்பளம் மாதம் 7,700 ரூபாய் தொகுப்பூதியம். இரண்டு ஆண்டுகளில் நிரந்தரம் என்பது அவர்களுக்குக் காட்டப்பட்ட நம்பிக்கை. 2017 நவம்பரில் சென்னை தேனாம்பேட்டை டி.எம்.எஸ். வளாகத்தில் அவர்கள் திரண்டு அமர்ந்து போராடினார்கள். பிறகு ஊதியம் 14,000 ஆகவும் 18,000 ஆகவும் உயர்ந்தது. பத்தாண்டுகள் கடந்த பின்னும் பலர் நிரந்தரப் பணிக்குக் காத்திருந்தார்கள். பக்கத்துக் கட்டிலில் அதே ஊசியைப் போடும் நிரந்தரச் செவிலியருக்கு அதைப்போலப் பல மடங்கு ஊதியம். கொரோனா வார்டில் முழுக்கவச உடைக்குள் வேர்த்து நின்றபோது இவர்களைத் தேவதைகள் என்று பாராட்டினோம், கை தட்டினோம். தேவதைக்கு வீட்டு வாடகை கிடையாதா? பிள்ளைக்குப் பள்ளிக் கட்டணம் கிடையாதா?

தேர்வில் வென்றால் அதற்கேற்ற பலன் உண்டு என்ற வாக்குறுதியைத்தான் தகுதி என்ற பெயரில் இளைஞர்களிடம் விற்கிறோம். இந்தச் செவிலியர்கள் தேர்வில் வென்றவர்கள். பலன் கிடைக்கவில்லை. ஏழைக் குடும்பங்களில் இருந்து, பெரும்பாலும் பிற்படுத்தப்பட்ட, ஒடுக்கப்பட்ட சாதிகளில் இருந்து வந்த பெண்கள் என்பதால்தான் இவ்வளவு காலம் காக்கவைக்க முடிந்தது என்று நான் உறுதியாக நம்புகிறேன்.

அறுவைசிகிச்சைக்குப் படுக்கும்போது சிறந்த மருத்துவர்தானே வேண்டும் என்று நண்பர்கள் கேட்பார்கள். ஆம், எனக்கும் அவர்தான் வேண்டும். தமிழ்நாட்டுக் கல்லூரிகளில் எந்த ஒதுக்கீட்டில் சேர்ந்தவரும் டாக்டர் எம்.ஜி.ஆர். மருத்துவப் பல்கலைக்கழகத்தின் அதே தேர்வுகளில் அதே குறைந்தபட்ச மதிப்பெண் எடுத்துத்தான் வெளியே வர வேண்டும். அங்கே சாதிக்கு ஏற்பச் சலுகை மதிப்பெண் கிடையாது. பதினேழு வயதில் ஒரு ஞாயிற்றுக்கிழமை மதியம் இயற்பியல் கேள்விக்கு எப்படி விடையளித்தார் என்பதைவிட, ஐந்தரை ஆண்டுகள் என்ன கற்றார், அதற்குப் பின் எத்தனை நோயாளிகளைப் பார்த்தார் என்பதே என் உயிரைக் காப்பாற்றும். அக்கறை அதில் இருக்கும் என்றால், கல்லூரிக்குள் கற்பித்தல் எப்படி நடக்கிறது, பேராசிரியர்கள் போதிய அளவில் இருக்கிறார்களா, பயிற்சிக்கு நோயாளிகள் வராத தனியார் கல்லூரிகளுக்கு எப்படி அங்கீகாரம் கிடைக்கிறது என்றுதான் முதலில் கேட்க வேண்டும். நுழைவு வாசலில் மட்டும் காவல் நிற்பவர்கள் இதையெல்லாம் கேட்பதே இல்லை.

நீட் விலக்கு மசோதாவைச் சட்டமன்றம் 2021-இலும், ஆளுநர் திருப்பி அனுப்பியபின் 2022-இலும் நிறைவேற்றியது. ஒன்றிய அரசு அதை நிராகரித்துவிட்டதாக முதலமைச்சர் 2025 ஏப்ரலில் பேரவையில் அறிவித்தார். அந்தப் போராட்டம் தொடரட்டும். அது முடியும்வரை காத்திராமல் மாநிலமே செய்யக்கூடியவை இருக்கின்றன. ஒவ்வொரு தனியார் மருத்துவக் கல்லூரியும் ஒவ்வொரு வகை இடத்திலும் சேர்த்த மாணவர்களின் கடைசி மதிப்பெண்ணையும், அவர்களிடம் வாங்கிய கட்டணத்தையும் ஆண்டுதோறும் ஒரே பக்கத்தில் வெளியிட வேண்டும் என்று அரசு வலியுறுத்தலாம். யாருடைய மதிப்பெண் எவ்வளவு குறைவு என்பதை மக்களே பார்த்துக்கொள்ளட்டும். மலையிலும் கிராமத்திலும் பணியாற்றும் மருத்துவர்களுக்கான ஒதுக்கீட்டை ஒரு வழக்கிலும் விட்டுக்கொடுக்காமல் காக்க வேண்டும். போட்டித் தேர்வில் வென்று தொகுப்பூதியத்தில் நிற்கும் செவிலியர்கள் அனைவரையும் நிரந்தரமாக்க வேண்டும். இந்தக் கடைசிக் கோரிக்கைக்கு ஆளுநரின் கையொப்பமோ குடியரசுத் தலைவரின் ஒப்புதலோ தேவையில்லை. கோட்டையில் இருந்து ஓர் அரசாணை போதும். அரசு அதை உடனே பிறப்பிக்க வேண்டும்.